வெள்ளை அடிக்காத சுவர்

1. ஐப்பசி மாதத்து மேசன்

ஐப்பசி பிறந்துவிட்டால் தோட்டத்தில் சுவர் பூசுகிற மேசனுக்கு உட்கார்ந்து சோறு தின்ன நேரம் இருக்காது. தீபாவளி வருகிறதே! விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். "பாஸண்ணே, எங்க காம்பராவுக்கு எப்ப வர்றீங்க?" "போன வருசம் எங்களைக் கடைசியாத்தான் பாத்தீங்க, இந்த வருசம் மொதல்ல வரணும், ஆமா, சொல்லிப்புட்டேன்." மேசனைப் பாஸ் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தீபாவளியையே நான் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல அந்த ஒரு மாதம் எனக்கு அப்படி ஒரு மரியாதை. கார்த்திகை வந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் இருக்கிற ஒரு தோட்டத்தில் மேசனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். டைல்ஸ் ஒட்டவும் சீலிங் அடிக்கவும் கொழும்புக்கு ஓடுகிற தம்பிமார் சிலர், ஒங்க வேலையைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க பாஸ் என்று நச்சரிக்கிறார்கள். கலவை போடுவதைச் சொல்லித்தர நான் தேவையில்லை. அதற்கு ஃபோனில் வீடியோ இருக்கிறது. நான் எழுத நினைப்பது கலவை போடாமல் விட்ட ஒரு சுவரைப் பற்றி. போடவிடாமல் தடுத்த ஒரு பொம்பளையைப் பற்றி என்றும் சொல்லலாம். அவள் பெயர் தவமணி. கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய வாயை நினைத்தால் எனக்கு இப்போதும் பயம்தான், ஆனால் இந்தத் தோட்டத்தில் நான் கும்பிட வேண்டிய ஆள் யார் என்று கேட்டால் அவளைத்தான் காட்டுவேன்.

எங்கள் தோட்டத்தில் மேட்டு லயம் என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கல் சுவர், தகரக் கூரை, குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள். லயத்தின் முதுகுக்குப் பின்னால் உடனே மலை, மலை முழுக்கத் தேயிலை. அந்த லயத்தின் பின்சுவரில் ஒரு விரிசல். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது தலைமயிர் மாதிரி இருந்தது. பிறகு ஒரு காசு நுழைகிற அளவு ஆனது. வருசத்துக்கு வருசம் தீபாவளிக்கு முன்னால் நான் போவேன். உதிர்ந்ததைச் சுரண்டுவேன், சிமெந்தை அடைப்பேன், தேய்ப்பேன், நீலம் கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடிப்பேன். ஒட்டுப் போட்ட இடம் எது என்று மறுநாள் எனக்கே தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

"இந்த வருசம் கொஞ்சம் கூட வாயைத் தொறந்துருச்சு பாஸண்ணே" என்பார்கள்.

"ஆமா, மழை அப்படி" என்பேன் நான்.

மழை மாறிப்போனது யாருக்கும் தெரியாமல் இல்லை. முன்பெல்லாம் மழை வாரக்கணக்கில் பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருக்கும், துணி காயாது, அட்டை கடிக்கும், அவ்வளவுதான். இப்போது பல நாள் வெயில் காய்ந்து தேயிலையைக் கருக்கிவிட்டு, ஒரே மத்தியானத்தில் வானத்தைக் கவிழ்த்துக் கொட்டுகிறது. இதை லயத்தில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், நோர்வூட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, தார்ப்பாய் சுருட்டிக் கொடுக்கும்போதெல்லாம் சொன்னார். "காலம் கெட்டுப்போச்சு பாஸ், இனி இப்படித்தான்." தோட்டத்தை நடத்தும் எங்கள் துரை சிங்களவர், நல்ல மனுசன், நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் மீட்டிங் வைத்து, காலநிலை மாற்றம் என்று பெரிய பதாகை கட்டி, எல்லாருக்கும் ரோல்ஸும் டீயும் கொடுத்தார். அரசாங்கத்திலிருந்து மண்சரிவு பார்க்கிற மாத்தயாமார், பெரிய உத்தியோகத்தர்கள், வந்தார்கள். மலையில் ஏறி இறங்கினார்கள். மேட்டு லயத்தின் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டார்கள். "இங்க இருக்கக் கூடாது. வேற எடம் தரச் சொல்லி எழுதுறோம்" என்றார்கள். எல்லாரும் தலையை ஆட்டினோம். ஒருத்தராவது "அதெல்லாம் பொய்" என்று சொன்னதில்லை.

அந்தத் தீபாவளிக்குச் சனம் என்னிடம் வந்து கேட்டது என்ன தெரியுமா? "நல்ல நாளும் பெருநாளுமா வீட்டுச் செவுத்துல ரெத்தக் கலர்ல கோடு இருந்தா நல்லாவா இருக்கும்? அதையும் சேத்து வெள்ளை அடிச்சி விடுங்க." அடித்தேன். சிவப்பு லேசில் மறையவில்லை, மூன்றாவது கையும் அடிக்க வேண்டியதாயிற்று.

2. "எடுத்துட்டுப் போங்க"

அதற்கு அடுத்த தீபாவளி. சுண்ணாம்பு வாளியும் கரண்டியுமாக மேட்டு லயத்துக்குப் போனேன். தவமணியின் காம்பரா நடுவில். அவள் புருசன் கொழும்பில் கடை ஒன்றில் வேலை. மகள் காயத்ரியைப் பொகவந்தலாவைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். பெண் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? கார்த்திகையில் அழைத்து வருவதாக ஏற்பாடு.

தவமணி வாசலோரத்து இஸ்தோப்பில் நின்று கொண்டிருந்தாள். நான் வாளியைக் கீழே வைக்கவே விடவில்லை.

"வேணாம் பாஸண்ணே. எடுத்துட்டுப் போங்க."

"என்ன, நாளைக்கு வரவா?"

"நாளைக்கும் வேணாம். இந்த வருசம் எங்க வீட்டுக்கு வெள்ளை இல்ல."

எங்கள் சனத்தில் தீபாவளிக்கு வெள்ளை அடிக்காத வீடு என்றால் அது சாவு விழுந்த வீடு. அந்த வருசம் யாராவது செத்திருந்தால்தான் சுவரை அப்படியே விடுவார்கள்.

"அடியே, வாயைக் கழுவு! யாருக்கு என்ன ஆச்சு? ஒம் புருசன் நல்லாருக்கானா?"

"அந்தாளு குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. உள்ள வாங்க, காட்டுறேன்."

உள்ளே கூட்டிப் போனாள். போன வருசம் நான் அடைத்த சிமெந்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து தரையில் கிடந்தது. விரிசலுக்குப் பக்கத்திலேயே மேலே உத்தரம். அதில் தொட்டில் கயிறு கட்டுகிற கொக்கி.

"காயத்ரி பொறந்தப்ப இந்தக் கொக்கியிலதான் தொட்டி கட்டுனேன். இப்ப அவ புள்ளைக்கும் இங்கதான் கட்டணும். நேத்து கொக்கியைத் தொடைக்க ஏறுனேன். செவுத்துல சாஞ்சேன். கை உள்ள போயிருச்சு பாஸண்ணே. முழுக் கையும்."

நானும் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே சில்லென்று ஈரக்காற்று விரலைத் தொட்டது. வீட்டுச் சுவருக்குள் காற்று எங்கிருந்து வரும்? கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"சரி, நான் நல்லா இறுக்கி அடைச்சித் தாறேன்" என்றேன். வேலைப் பழக்கம், வேறென்ன.

"அடைச்சா கண்ணுக்குத் தெரியாது. தெரியலேன்னா நானும் மறந்துருவேன். நாலு பேரு மாதிரி நானும் ஆமா, மழை அப்படித்தான்னு சொல்லிட்டு முறுக்குச் சுடப் போயிருவேன். எனக்கு என்னைய நல்லாத் தெரியும். அதான் வேணாங்கிறேன்."

பக்கத்துக் காம்பராவிலிருந்து பெருமாள் வந்தார். லயத்தில் சங்கத்துத் தலைவர் அவர்தான். கோபம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா இது கூத்து? வரிசையில நடு வீடு இருட்டா இருந்தா லயத்துக்கே தரித்திரம். சாவு வீடு மாதிரி வச்சிருக்கப் போறியா?"

"செத்தப்புறம் வெள்ளை அடிக்காம இருக்கறதுக்கு, சாவுறதுக்கு முந்தியே அடிக்காம இருக்கேன் தலைவரே. முந்திக்கிட்டா தப்பா?"

தலைவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

3. முறுக்குக்கு முன்னால்

அவள் தீபாவளி கொண்டாடாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. முறுக்கு சுட்டாள், அதிரசம் சுட்டாள், புதுச்சேலை கட்டினாள். கொழும்பிலிருந்து வந்த புருசன் கூரை அதிரக் கத்தினான். கத்தி முடித்ததும் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். சுவர் மட்டும் அழுக்காக, பெயர்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தீபாவளி அன்று ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவோம் அல்லவா? வாசல்படி ஏறுகிறவர்கள் சுவரைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். குரல் தானாக இறங்கிவிடும். "யாரு தவமணி? எப்ப நடந்துச்சு? எங்களுக்குச் சொல்லவே இல்லியே!"

"இன்னும் நடக்கல. இங்க வாங்க. கையை வைங்க."

"என்னாது?"

"அந்த வெடிப்புல கையை வைங்க. வச்சாத்தான் முறுக்கு."

கிழவனும் வைத்தான், குமரியும் வைத்தாள். பக்கத்துத் தோட்டத்துச் சம்பந்திமார் வைத்தார்கள். கோயில் பூசாரி வைத்துவிட்டு, "சிவ சிவா" என்று வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். நானும் மத்தியானம் போனேன். நான்தான் முன்பே வைத்தவனாயிற்றே என்று முறுக்கை எடுக்கப் போனால், தட்டை இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கு வைக்கலியே பாஸண்ணே." அவள் சிரிக்கவில்லை. வைத்தேன். அந்தக் காற்று அப்படியே இருந்தது.

அன்று சாயந்தரம் மேட்டு லயத்தில் வேறு பேச்சே இல்லை. மண்சரிவைப் பற்றி எத்தனை மீட்டிங் நடந்தது, எத்தனை ரோல்ஸ் தின்றோம்! கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தவனுக்குத்தான் அது ஒட்டியது. மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக்காரி தன் வீட்டுப் புது வெள்ளையைத் தேங்காய்த் துருவியால் சுரண்டிக் கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வீட்டுக்காரி என்னிடம் ஆளனுப்பினாள். "பாஸண்ணே, போட்ட ஒட்டைப் பேத்துப் பாத்துருங்க." நான் செய்த பூச்சை நானே உடைக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உடைத்தேன். எல்லா வீட்டிலும் அதே விரிசல், ஒரே கோடாக, லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் ஓடியது.

தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வருகிற விரிசல் வேறு, மண்ணுக்கு வருகிற விரிசல் வேறு. சுவரின் விரிசல் பூச்சில் தொடங்கிப் பூச்சில் முடியும். மண்ணின் விரிசலுக்கு உங்கள் சுவர் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அதை அடைத்தால் ஜன்னல்தான் சாத்தப்படும்.

தவமணி என்னை மலைக்கு ஏறச் சொன்னாள். ஏறினோம். லயத்துக்கு நேர் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், பிறை வடிவத்தில் நிலம் பிளந்திருந்தது. கீழ்ப்பக்கத்துச் செடிகள் எல்லாம் ஒரு படி இறங்கி நின்றன. மழைத்தண்ணீர் போகிற கான் மண் அடைத்துப் புல் முளைத்துக் கிடந்தது. அப்படியானால் மேலே பெய்கிற மழை முழுக்க நேரே அந்தப் பிளவுக்குள்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கீழே தன் வீட்டுத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காயத்ரி எப்ப வர்றா?" என்றேன்.

"அடுத்த வாரம்" என்றாள்.

4. பெரட்டுக் களத்தில்

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்துக்கு அன்று துரையும் வந்திருந்தார். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தவமணி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மேட்டு லயத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். பெருமாள் தலைவர் சற்றுத் தள்ளி, யாரோ எவரோ என்பதுபோல நின்றார்.

"ஐயா, மேட்டு லயத்துக்கு மேல மலை வெடிச்சிருக்குங்க."

துரை பெருமூச்சு விட்டார். "தெரியும் தவமணி. எனக்குத் தெரியாதா? ரிப்போர்ட் என் மேசையிலதான் இருக்கு. ஹெட் ஆபீசுக்கும் அனுப்பியிருக்கேன். இந்தக் காலநிலை மாற்றம் பெரிய பிரச்சினை. அடுத்த வருசம் வீடு கட்டக் காணி ஒதுக்குறதா சொல்லியிருக்காங்க. நான் ஒங்க பக்கம்தான்."

பொய் சொல்லவில்லை அந்த மனுசர். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கும் மனசு கனத்துத்தான் இருந்தது.

"எல்லாருக்கும் தெரியுதுங்க ஐயா" என்றாள் தவமணி. "எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். செவப்புக் கோடு போட்ட மாத்தயாவுக்குத் தெரியும். நமக்கெல்லாம் தெரியுங்கறது அந்த மலைக்குத்தான் தெரியல. அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டு இருக்கு."

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அது கட்டித்தான் இருந்தது.

"சரி, இப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றார் துரை.

"காணியை நான் இன்னிக்குக் கேக்கல. அது வர்றப்ப வரட்டும். மேல, வெடிப்பில்லாத அந்தப் பக்கம், பழைய ஸ்டோரு மூடிக் கெடக்கு. கல்லு மேல கட்டுன கட்டடம். அதைத் தொறந்து விடுங்க. காணி வர்றவரைக்கும் இருந்துக்கிறோம்."

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். எங்களுடையது மூடிப் பல காலம். மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடம், பந்தடிக்கலாம் அவ்வளவு அகலம்.

"அது முடியாதே! கம்பெனி சொத்து. ஹெட் ஆபீஸ் எழுத்துல அனுமதி தரணும். யாருக்காவது அங்க ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"லயத்துல ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

துரை அவளையே பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. ஐயோ, என்னை ஏன் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்றவருக்குப் பின்னால் நகரப் பார்த்தேன்.

"பாஸ்! அந்தப் பழைய ஸ்டோர் கூரை ஒழுகுதுதானே?"

"ஒழுகுமுங்க ஐயா."

"ரிப்பேர் பண்ணணும். இன்னிக்கே தொடங்கு. சாவியை ஆபீஸ்ல வாங்கிக்க. வேலை முடியிறவரைக்கும் ஒங்கிட்டயே இருக்கட்டும்." இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "ஒதவிக்கு ஆள் தேவைப்பட்டா மேட்டு லயத்துல கூட்டிக்க. எத்தனை பேர்னு நான் கேக்கமாட்டேன்."

அந்த வேலை நான் ஓய்வு பெறும் வரைக்கும் முடியவில்லை. அப்படி ஒரு கூரை! துரையை நான் அதற்கு முன்னும் மதித்தேன், ஆனால் அன்றுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

5. சாமி படம்

சாவி கிடைத்ததும் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் சனத்தை அறியாதவர்கள். கோழியை என்ன செய்வது, பின்னால் போட்ட கோவாப் பாத்தியை யார் பார்ப்பது, இந்த மழை விட்டதும் போவோம், இந்தச் சம்பளம் வந்ததும் போவோம். வெடிப்பில் கை வைத்து "ஆத்தாடி" என்றவர்கள்தான் இப்படிச் சொன்னார்கள்.

தவமணி யாரையும் கெஞ்சவில்லை. தன் சாமான்களைத் தூக்கினாள். அப்புறம் அடுத்த வீட்டுக்காரியின் அடுப்பைத் தூக்கினாள். ஆமாம், கேட்காமல்தான். "சோறு வேணும்னா மேல வந்து பொங்கிக்க." அடுப்பு போன பிறகு வீட்டில் என்ன வேலை? இப்படி ஒரு வீட்டில் அம்மி, இன்னொரு வீட்டில் டீவி. டீவி போன வீட்டுக்காரன் எல்லாருக்கும் முன்னால் ஸ்டோருக்குப் போய் உட்கார்ந்திருந்தான். நான் மேல்மாடியில் குடும்பத்துக்கு ஒரு இடம் என்று தடுப்புக் கட்டினேன். நோர்வூட் நானா தார்ப்பாய் சுருள்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார். "வருசா வருசம் கூரைக்கு மேல போடத்தான் இதை வித்தேன் பாஸ். மொத தடவையா உருப்படியான வேலைக்குப் போகுது" என்றார்.

காயத்ரி வந்தாள். ஸ்டோரிலேயே வலி கண்டது, டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆண் பிள்ளை. தேக்கு உத்தரத்தில் தொட்டில் கட்ட என்னைத்தான் கூப்பிட்டாள் தவமணி. மேசன் கட்டினால் அறாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்த மாடியில் அத்தனை காலம் கொழுந்து வாடிய வாசம் இன்னும் மரத்தில் இருந்தது. அதற்குள் ஒரு பச்சைக் குழந்தை வாசம் வந்து சேர்ந்தது. சொல்லத் தெரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

லயத்தில் கடைசியாக மிஞ்சியது பெருமாள் தலைவரும் அவர் மனைவியும்தான். தலைவரிடம் ஒரு முருகன் படம் உண்டு. அவருடைய பாட்டன் கடல் தாண்டி வந்தபோது தலையில் சுமந்து வந்தது. "இந்தச் சாமி உக்காந்த எடத்தை விட்டு எழும்பாது. அது இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்பார். அதற்கு மேல் யார் என்ன பேச?

பிறகு அந்த மழை வந்தது. காலையில் நல்ல வெயில். மத்தியானம் பொகவந்தலாவைப் பக்கம் கறுத்தது, அவ்வளவுதான், பஸ் பாதையே தெரியவில்லை. நாங்கள் ஸ்டோர் ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்டு லயத்துப் பின்பக்கத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் வாசலுக்கு வழிந்தது.

தவமணி உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை. வயதான காலத்தில் எனக்கு இது தேவையா என்று திட்டிக்கொண்டே பின்னால் நானும் இறங்கினேன்.

தலைவர் காம்பராவுக்குள் கணுக்கால் தண்ணீர். கட்டில் மேல் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

"வாங்க தலைவரே."

"வரமாட்டேன். எஞ்சாமி இங்க இருக்கு."

தவமணி நேரே போனாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆணியிலிருந்து முருகனைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

"அடிப்பாவி! சாமியை வையிடி! தொடாதடி!"

"சாமி கெளம்பிருச்சு தலைவரே. நீங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

தலைவர் கட்டிலை விட்டுக் குதித்தார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. மழைக்குள் அவள் முன்னால் ஓட, அவர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டு பின்னால் ஓட, அவருடைய மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கடைசியாக ஏறினேன். சிரிப்பும் வந்தது, உயிரும் போய் வந்தது. ஸ்டோருக்குள் வந்ததும் தவமணி படத்தைத் துடைத்து, தொட்டிலுக்கு நேர் மேலே ஆணியில் மாட்டினாள். "இப்ப திட்டுங்க" என்று தலைவர் முன்னால் வந்து நின்றாள். அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை, பெரட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில், மலை இறங்கியது. சத்தம் பெரிய லொறியில் கல் கொட்டுவது போலத்தான் இருந்தது. ஜன்னலுக்கு ஓடினோம். மேட்டு லயத்தின் நடுப்பகுதி இல்லை. தவமணியின் காம்பரா, தலைவரின் காம்பரா, நான் ஆயுசு முழுக்கப் பூசிய சுவர், எல்லாவற்றின் மேலும் சிவப்பு மண். தேயிலைச் செடிகள் மட்டும் வரிசை கலையாமல் அப்படியே கீழே வந்து நின்றன. லயத்தில் ஒரு உயிர் இல்லை. கோழிகள் கூட ஸ்டோரில்தான் இருந்தன.

தலைவர் தவமணியிடம் போய், "எங்கிட்ட இத்தனை பேச்சு வாங்குனியே தாயி" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

6. இந்த வருசம்

காணி இன்னும் வரவில்லை. எல்லாரும் வந்து பார்த்தார்கள், எல்லாரும் வருத்தப்பட்டார்கள், "நாங்க அப்பவே சொன்னோமே" என்றார்கள். சொன்னது உண்மைதான். மேட்டு லயத்துச் சனம் இன்னும் ஸ்டோர் மாடியில் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு ஸ்டோர் சுவருக்கு வெள்ளை அடிக்கத் தவமணியே என்னைக் கூப்பிட்டாள். "நல்லா நீலம் போட்டு அடிங்க பாஸண்ணே, கண்ணு கூசணும்" என்றாள். அடித்தேன். அவள் பேரன் சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துவிட்டான், அது வேறு கதை.

அந்த வேலை முடிகிற நேரம் பள்ளத்து லயத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்தவள், இடுப்பில் கைக்குழந்தை. "பாஸண்ணே, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு தெரியும். தீபாவளிக்கு எங்க பின்செவுத்துல சின்ன ஒட்டு ஒண்ணு போட்டுத் தர முடியுமா?"

தம்பிமாரே, என் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கலவையைக் குழைப்பதற்கு முன்னால் வெடிப்பில் கையை வை. காற்று வந்தால் கரண்டியைக் கீழே போடு, முதலில் ஆளை வெளியே எடு.

எனக்கு அதைச் சொல்லத் தெரியும். செய்து முடிக்கிற ஆள் வேறு. அதனால் சிமெந்துப் பையை அங்கேயே விட்டுவிட்டு, தவமணியை அழைத்துக்கொண்டு பள்ளத்து லயத்துக்குப் போனேன். அந்தப் பெண் சுவரைக் காட்டினாள். ஒரு விரல் நுழைகிற விரிசல்.

"கையை வை தாயி" என்றாள் தவமணி.

அந்தப் பெண் வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"காத்து வருதா?"

"வருதுக்கா. தெரியும். எங்க மாமியார் வந்த காலத்துலேருந்தே இருக்காம். வருசா வருசம் மழைக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாகுதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியுங்கக்கா."

"தெரியுமில்ல?" தவமணி குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்ப பாயைச் சுருட்டு."